கால் மணி நேரப் பேச்சும் ஏழு வருட வழக்கும்

1986 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் சிதியா ஊரில் ஒரு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்பவர் மினோஸ் கொக்கினாக்கிஸ், வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கூடவே அவர் மனைவி. இருவரும் யெகோவாவின் சாட்சிகள், அதாவது வீடு வீடாகப் போய்த் தங்கள் நம்பிக்கையைச் சொல்லும் கிறிஸ்தவப் பிரிவினர். கதவைத் திறந்த அம்மா அதே ஊரில், கிரேக்கர்களில் பெரும்பாலோர் சார்ந்த ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தேவாலயப் பாடகருடைய மனைவி. வந்தவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து பேசினார்கள். பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் கால் மணி நேரம். பாடகர் போலீசுக்குச் சொல்ல, அன்று இரவு தம்பதியர் இருவரும் சிதியா காவல் நிலையத்தில் தூங்கினார்கள்.

அந்தக் கால் மணி நேரம் மூன்று கிரேக்க நீதிமன்றங்களைக் கடந்து 1993 மே 25 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில்தான் முடிந்தது. மனித உரிமைச் சட்டம் படிப்பவர்கள் எல்லாருக்கும் 'கொக்கினாக்கிஸ் எதிர் கிரேக்கம்' என்ற பெயர் தெரியும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் மத சுதந்திரம் பற்றிய 9-ஆம் பிரிவை ஒரு நாடு மீறியது என்று அந்த நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்னது இந்த வழக்கில்தான். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதவுக்கு வெளியே நின்றவரைப் பார்க்கிறார்கள். எனக்குக் கதவைத் திறந்தவர் மேல்தான் கண். வேற்று மதத்தார் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு இந்த வழக்கில் ஏதாவது பதில் இருக்குமானால், அது அந்த அம்மாவின் வாக்குமூலத்தில் இருக்கிறது. தீர்ப்புக்குள் மேற்கோளாக வரும் சில வரிகள்தான், ஆனால் வழக்கறிஞர் வாதங்களைவிடத் தெளிவானவை.

வந்தவர்கள் நல்ல செய்தி கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'நற்செய்தி' என்றாலே நமக்குப் பைபிள்தான் நினைவுக்கு வரும். கிரேக்க மொழியிலும் சுவிசேஷத்துக்குரிய சொல்லின் பொருள் அதுவேதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று ஒருவர் 'நல்ல செய்தி' என்று சொன்னால், கேட்பவர் மனம் முதலில் சுவிசேஷத்துக்கா போகும்? ஏதோ தெரிந்தவர் வீட்டுச் சேதி என்றுதானே நினைக்கத் தோன்றும்.

உள்ளே போனதும் பேச்சு ஓலோஃப் பால்மேயில் தொடங்கியது. ஸ்வீடன் பிரதமர் பால்மே சுட்டுக் கொல்லப்பட்டது பிப்ரவரி 28 இரவு, அதாவது இரண்டே நாள் முன்பு. அவர் சமாதான விரும்பியா இல்லையா என்று பேசினார்கள், இன்னும் வேறு விஷயங்களும் பேசினார்கள், நினைவில்லை என்கிறார் அந்த அம்மா. பாதி விளங்கவும் இல்லை. அது உரையாடலே அல்ல, அவர்களே தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்கிறார். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதே தொடக்கத்தில் தனக்குத் தெரிய வாய்ப்பில்லை என்றும் சொல்கிறார்.

முக்கியமானவை இரண்டு வரிகள். தாங்கள் யெகோவாவின் சாட்சிகள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருக்கவே மாட்டேன் என்பது ஒன்று. அந்தப் பேச்சு என் நம்பிக்கைகளை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை என்பது மற்றொன்று.

முதல் வரி தன்னை ஏமாற்றி உள்ளே நுழைந்ததாகக் குறை சொல்கிறது. இரண்டாவது, அதனால் தனக்கு எந்தச் சேதமும் இல்லை என்கிறது. ஒரே மனிதர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல முடிந்தது. அதற்கப்புறம் வந்த ஏழு வருடத்தில் எந்தத் தரப்பும் இந்த இரண்டையும் சேர்த்துக் கையில் எடுக்கவில்லை.

சட்டம் என்ன சொன்னது

கிரேக்கத்தில் 1938-இல் மெட்டாக்சாஸ் சர்வாதிகாரத்தின் கீழ் வந்த 1363-ஆம் எண் சட்டம், அடுத்த வருடமே 1672-ஆம் எண் சட்டத்தால் திருத்தப்பட்டது. அதன் 4-ஆம் பிரிவு மதமாற்ற முயற்சியைக் குற்றமாக்கியது. வேறு மத நம்பிக்கை உள்ள ஒருவரின் நம்பிக்கையைக் குலைக்கும் நோக்கில் நேராகவோ மறைமுகமாகவோ தலையிட முயல்வதுதான் குற்றம். ஆசை காட்டுவது, பொருளுதவி செய்வது, ஏமாற்றுவது என்று வழிகளை அடுக்கிவிட்டு, கடைசியில் எதிராளியின் அனுபவமின்மை, நம்பும் குணம், தேவை, மந்த புத்தி, வெகுளித்தனம் ஆகியவற்றைப் பயன்படுத்திக்கொள்வதையும் அது சேர்த்துக்கொண்டது.

இந்தச் சட்டமும் கொக்கினாக்கிஸும் பழைய பகையாளிகள். 1919-இல் சிதியாவில் ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1936-இல் யெகோவாவின் சாட்சியானார். மெட்டாக்சாஸ் சட்டங்களின் கீழ் 1939-இல் தண்டனை பெற்ற முதல் யெகோவாவின் சாட்சி அவரே. அமோர்கோஸ், மிலோஸ், மக்ரோனிசோஸ் என்று தீவு தீவாக அடைத்துவைக்கப்பட்டவர். அறுபது தடவைக்கு மேல் கைதானவர். சிதியாவில் அந்தக் கதவைத் தட்டியபோது அவர் வயது அறுபத்தைந்துக்கு மேல். அவர் ஒருவர் கதை மட்டும் இல்லை. 1975-க்கும் 1992-க்கும் இடையில் யெகோவாவின் சாட்சிகள் 4,400 பேர் கைதானார்கள், 1,233 பேர் மீது விசாரணை நடந்தது, 208 பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று அவர் தரப்பு நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. சர்வாதிகாரம் போய் ஜனநாயகம் திரும்பிய பிறகான கணக்கு இது.

சிதியா அடங்கிய லசிதி வட்டாரத்தின் குற்றவியல் நீதிமன்றம் வேகமாக வேலை செய்தது. சம்பவம் நடந்து பதினெட்டாம் நாள், மார்ச் 20 அன்று தீர்ப்பு: கணவன் மனைவி இருவருக்கும் நான்கு மாதச் சிறை, அதை நாளுக்கு 400 திராக்மா (அன்றைய கிரேக்க நாணயம்) கட்டி மாற்றிக்கொள்ளலாம், தனியாக 10,000 திராக்மா அபராதம். அந்த வீட்டில் விற்பதற்காகக் கொண்டுபோயிருந்த நான்கு சிறு புத்தகங்களைப் பறிமுதல் செய்து அழிக்கவும் உத்தரவு. 1987 மார்ச்சில் கிரீட் மேல்முறையீட்டு நீதிமன்றம் மனைவியை விடுவித்தது. அவர் கணவனோடு கூடப் போனார், அவ்வளவுதான் என்றது. கொக்கினாக்கிஸின் தண்டனை மூன்று மாதமாகக் குறைந்தது. 1988 ஏப்ரலில் கிரேக்க உச்ச நீதிமன்றம் அவர் முறையீட்டைத் தள்ளிவிட்டது.

யார் வெகுளி?

எனக்கு இந்த வழக்கில் மிக உறுத்தும் இடம் இதுதான். கொக்கினாக்கிஸைத் தண்டிக்க வேண்டுமானால் அவர் எதையோ பயன்படுத்திக்கொண்டார் என்று காட்ட வேண்டும். பணம் கொடுக்கவில்லை, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை, மிரட்டவில்லை. சட்டத்தின் பட்டியலில் மிச்சமிருந்தது அந்த அம்மாவின் அனுபவமின்மையும் மந்த புத்தியும் வெகுளித்தனமும்தான். ஆக, விருந்தாளியைக் குற்றவாளியாக்க, வீட்டுக்காரி அறிவில் குறைந்தவர் என்று நீதிமன்றம் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. கதவைத் திறந்து உட்காரச் சொன்னதற்கு அந்த அம்மாவுக்குக் கிடைத்த பட்டம் அது.

மேல்முறையீட்டு நீதிபதிகளில் ஒருவர் மட்டும் இதை ஒப்பவில்லை. தேவாலயப் பாடகரின் மனைவி ஆர்த்தடாக்ஸ் கொள்கையில் அப்படி என்ன அனுபவமில்லாதவர், அவர் மந்த புத்திக்காரர் என்பதற்கோ வெகுளி என்பதற்கோ ஆதாரம் எங்கே என்று கேட்டு, கொக்கினாக்கிஸை விடுவித்திருக்க வேண்டும் என்றார். அந்த அம்மாவின் மரியாதையைக் காப்பாற்றிய ஒரே நீதிபதி என்று அவரைச் சொல்லலாம், அவர் நோக்கம் அதுவாக இல்லாவிட்டாலும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போலீசுக்குச் சொன்னது கணவர். அந்த அம்மா அன்று என்ன நினைத்தார், வந்தவர்கள் மேல் அவருக்குக் கோபமா, சலிப்பா, இல்லை எழுந்து போனால் போதும் என்ற நினைப்புதானா, பதிவில் இல்லை. வாசலில் வந்தவருக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் கையில் இருந்த காரியம். அதைக் கணவர் எடுத்துக்கொண்டார், அவரிடமிருந்து போலீஸ், போலீசிடமிருந்து நீதிமன்றம். வழக்கில் ஒரு தரப்பின் பெயரே 'சாட்சிகள்'. நடந்ததை உள்ளபடி சொன்ன சாட்சி அந்த அம்மா.

ஸ்ட்ராஸ்பர்க்கில்

1988 ஆகஸ்டில் கொக்கினாக்கிஸ் ஐரோப்பாவிடம் போனார். ஐந்து வருடம் கழித்து வந்த தீர்ப்பில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், 9-ஆம் பிரிவு மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. மதம் மாறும் உரிமையை ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை வெளிப்படையாகவே தருகிறது. பக்கத்திலிருப்பவரிடம் தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்லி இணங்க வைக்க முயலும் உரிமை இல்லையென்றால், அந்த மாறும் உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான் என்பது நீதிபதிகளின் வாதம். (ஏட்டுச் சுரைக்காய் என்றது நான். அவர்கள் அதைச் செத்த எழுத்து என்றார்கள்.)

ஆனால் எல்லா முயற்சியும் சரி என்று அவர்கள் சொல்லவில்லை. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1956 அறிக்கையை எடுத்துக்காட்டி இரண்டையும் பிரித்தார்கள். தன் நம்பிக்கைக்குச் சாட்சி சொல்வது ஒன்று. காசு, சமூக லாபம் காட்டி ஆள் சேர்ப்பது, துன்பத்திலும் தேவையிலும் இருப்பவரை நெருக்குவது, வன்முறை, மூளைச்சலவை ஆகியவை வேறு. இந்த இரண்டாவதைத் தடுக்க நாட்டுக்கு உரிமை உண்டு. கிரேக்க நீதிமன்றங்கள் செய்த பிழை என்னவென்றால், சட்டத்தின் வாசகத்தை அப்படியே திரும்ப எழுதிவிட்டு, இவர் எந்த முறைகெட்ட வழியில் இணங்க வைக்கப் பார்த்தார் என்பதை உண்மைகளோடு சொல்லாமல் விட்டது. கொக்கினாக்கிஸுக்கு 4,00,000 திராக்மா இழப்பீடும் செலவுத் தொகையும் கிடைத்தன. சட்டமே செல்லாது என்று தீர்ப்பு சொல்லவில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பெரும்பான்மையிலிருந்து மாறுபட்ட மூன்று நீதிபதிகளில் கிரேக்கரான நிக்கோலாஸ் வால்டிகோஸ் எழுதியது படிக்கச் சுவையானது. ஒரு பக்கம் மதமாற்றத்தில் கைதேர்ந்தவர், தண்டனைகளால் இன்னும் முறுகிப்போன தீவிரப் பற்றாளர். மறுபக்கம் வெகுளியான ஒரு பாடகர் மனைவி, மாற்ற முடிந்தால் எவ்வளவு பெரிய வெற்றி! நற்செய்தி என்று முழங்கிக்கொண்டு இவர் அவர் மேல் பாய்கிறார், அனுபவமுள்ள விற்பனைப் பிரதிநிதி போலத் தன் சரக்கை விரிக்கிறார் என்று எழுதுகிறார். நாடகம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவை மறுபடியும் மேடையில் பேச்சில்லாத பாத்திரமாகத்தான் நிறுத்துகிறது. அசையவில்லை என்று அவரே சொன்ன பிறகும்.

மற்ற இருவர், ஃபோய்கலும் லோயிசூவும், எனக்கு வேறு விதமாகப் படுகிறார்கள். போதிப்பது என்றால் திறந்த மனதும் நேர்மையும் வேண்டும், பொய்ச் சாக்குச் சொல்லி ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர் காட்டிய மரியாதையையும் உபசரிப்பையும் தவறாகப் பயன்படுத்துவது போதனை ஆகாது என்கிறார்கள். அந்த அம்மாவின் முதல் வரி இங்கே ஒரு வழியாகக் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் அதிலிருந்து அவர்கள் சிறைத்தண்டனை சரி என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரைச் சொல்லாமல் உள்ளே வந்தது அநாகரிகம். அநாகரிகத்துக்கெல்லாம் மூன்று மாதமா?

நீதிபதி மார்ட்டென்ஸ் பெரும்பான்மையைவிட ஒரு படி மேலே போனார். மாற்ற முயல்பவருக்கும் மாற்றப்பட இருப்பவருக்கும் இடையிலான இழுபறியில் தலையிடுவது அரசின் வேலையே அல்ல, தனக்கு எது நல்லது என்று தீர்மானிக்க ஒவ்வொருவருக்கும் தெரியும் என்றே அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கதவுக்கு உள்ளே இருப்பவரை முழு மனிதராக நடத்தும் பார்வை இது.

வாசலில் நிற்கும்போது

சரி, அந்த அம்மா என்ன செய்திருக்கலாம்? அவர் வாக்குமூலத்திலேயே பாதி இருக்கிறது. 'நீங்கள் யார், எந்தச் சபை, எதற்காக வந்திருக்கிறீர்கள்?' என்று கதவருகிலேயே கேட்பது. நல்ல செய்தி என்றால் யாரைப் பற்றிய செய்தி என்று கேட்பது. நேராகக் கேட்டால் பெரும்பாலான பிரசாரகர்கள் நேராகவே பதில் சொல்லுவார்கள், ஏனென்றால் தங்கள் நம்பிக்கையை மறுப்பது அவர்களுக்கு ஒவ்வாத காரியம். உள்ளே வந்து உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்புவது யாருக்கும் சங்கடம். படியில் நிற்கும்போது வேண்டாம் என்பது அவ்வளவு கஷ்டமில்லை.

வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். 'வேலையாக இருக்கிறேன்' என்றால் 'அப்ப சாயங்காலம் வரட்டுமா?' என்று கேட்பார்கள், அது நியாயமான கேள்விதான். 'உங்கள் கொள்கையில் இன்னது தப்பு' என்றால் அது வாதத்துக்கு அழைப்பு, அதற்கு அவர்கள் பயிற்சியோடு வருகிறார்கள், நாம் அப்படி வருவதில்லை. 'எனக்கு விருப்பமில்லை, இனி வர வேண்டாம், வணக்கம்' என்பது மூன்று துண்டுதான். வர வேண்டாம் என்று சொன்ன வீடுகளைக் குறித்துவைத்துத் தவிர்க்கும் வழக்கம் யெகோவாவின் சாட்சிகளிடம் உண்டு, ஆகவே அதை வெளிப்படையாகச் சொல்வதில் பயன் இருக்கிறது.

கேட்க விருப்பம் இருந்தால் கேட்கலாம், அதிலும் தப்பில்லை. ஆனால் தொடர்ந்து அவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அந்த அம்மா சொன்னதைத் தவிர்க்க, நேரத்தை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும், கேள்வியையும் நாமே கேட்க வேண்டும். கேலி பேசுவது, புத்தகத்தைப் பிடுங்கிக் கிழிப்பது, படம் பிடித்து ஊரெல்லாம் பரப்புவது, இவை எல்லாம் சிலருக்கு வீரமாகத் தெரிகின்றன. வாசலில் நிற்பவர் பெரும்பாலும் தன் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, பத்து வீட்டில் ஒன்பதில் முகத்தில் அடித்தாற்போல் கதவு சாத்தப்பட்டு வந்திருக்கும் ஒரு சாதாரண மனிதர்.

கதவின் அதிகாரம் வீட்டுக்காரர் கையில்தான் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-இலேயே சொல்லிவிட்டது. ஒகையோ மாநிலத்தில் ஸ்ட்ரதர்ஸ் என்ற இரும்பு ஆலை ஊரில், துண்டுப் பிரசுரம் கொடுப்பதற்காக வீட்டு மணியை அடிக்கக் கூடாது என்று நகரச் சட்டம் இருந்தது. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் நிறைந்த ஊர், காரணம் நியாயமானதே. யெகோவாவின் சாட்சியான ஒரு பெண்ணுக்கு 10 டாலர் அபராதம் விழுந்தது. நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மணியை அடிக்க விடலாமா என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தீர்மானிக்கட்டும், எல்லாருக்கும் சேர்த்து நகராட்சி தீர்மானிக்க வேண்டாம். வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் வருகிறவரை வேண்டுமானால் தண்டிக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். 2002-இல் அதே மாநிலத்தின் ஸ்ட்ராட்டன் ஊர் தொடர்பான வழக்கிலும், வீடு வீடாகப் போய்ப் பேச முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விழுந்தது. வாசலில் ஒரு பலகை மாட்டுவதும் பேச மறுப்பதும் போதும் என்றார்கள்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் வேறு வழியில் போனது. அரசமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, அதற்குப் பொருள் கொள்கையை எடுத்துச் சொல்லிப் பரப்புவது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது, அது அந்த இன்னொருவரின் மனச்சாட்சிச் சுதந்திரத்தில் கை வைப்பதாகும் என்றது. கேட்பவரின் மனச்சாட்சி அந்தத் தீர்ப்பில் வருகிறது, ஆனால் மாற வேண்டும் என்று அந்த மனச்சாட்சியே நினைத்தால் என்ன என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு.

கொக்கினாக்கிஸ் தீர்ப்பின் எல்லை எங்கே என்று ஐந்து வருடம் கழித்துத் தெரிந்தது. லாரிசிஸ் என்ற வழக்கு, 1998. கிரேக்க விமானப்படையில் அதிகாரிகளாக இருந்த பெந்தெகொஸ்தேகாரர்கள் தங்களுக்குக் கீழே இருந்த வீரர்களிடமும் வெளியே இருந்த பொதுமக்களிடமும் மதம் பேசினார்கள். பொதுமக்களிடம் பேசியதற்குத் தண்டித்தது தவறு என்றது ஸ்ட்ராஸ்பர்க். வீரர்களிடம் பேசியதற்குத் தண்டித்தது சரி என்றது. மேலதிகாரி பேச ஆரம்பித்தால் கீழே இருப்பவர் பாதியில் எழுந்து போக முடியாது.

கொக்கினாக்கிஸ் 1999-இல் காலமானார். கிரேக்க அரசமைப்பின் 13-ஆம் பிரிவில் மதமாற்ற முயற்சி தடை செய்யப்படுகிறது என்ற வாக்கியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.